முதல் லோரிக்கு முன் ஒரு கேள்வி

லோரி ஓட்ட ஆள் கிடைக்கவில்லை என்பது கிள்ளான் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லும் சங்கதி. காப்பார் சாலையிலும் புலாவ் இண்டா போகும் வழியிலும் கம்பெனி வேலிகளில் ‘ஓட்டுநர் தேவை’ என்ற மலாய்ப் பதாகைகள் வெயிலில் வெளுத்துத் தொங்குகின்றன. ‘இ’ லைசென்ஸும் ஜிடிஎல்லும் கையில் இருந்தால் வேலை நிச்சயம் என்கிறார்கள். உண்மைதான். எனக்கு இரண்டும் கிடைத்துப் பத்து நாளுக்குள் மூன்று கம்பெனிகள் வரச் சொல்லிவிட்டன.

வேலை இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் இடத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. யோசிக்க யாரும் அவகாசம் தருவதில்லை. “நாளைக்கே வந்துரு தம்பி, லோரி சும்மா நிக்குது” என்பார்கள். புதிதாக லைசென்ஸ் எடுத்தவனுக்கு அந்த வார்த்தை இனிக்கத்தான் செய்யும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குச் சில ஆயிரம் வெள்ளி கட்டியிருப்பான். மருத்துவச் சோதனை, எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு என்று மாதக்கணக்கில் அலைந்திருப்பான். முதலில் கூப்பிட்டவரிடம் ஓடிவிடத் தோன்றும்.

நான் மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரத்தில் கேட்டதையும் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகளுக்கும், பிள்ளையை அனுப்பலாமா வேண்டாமா என்று தவிக்கும் வீட்டாருக்கும் உதவலாம்.

அப்பாவின் இருபத்தாறு வருடம்

லோரி எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. அப்பா தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை வீடமைப்புக்கு எடுத்துக்கொண்ட பிறகு கிள்ளானுக்கு வந்தார். முதலில் கெலிண்டானாக ஏறினார், பிறகு லைசென்ஸ் எடுத்தார், இருபத்தாறு வருடம் ஓட்டினார். மணல், கல், பலகை, தளவாடம் என்று அவர் ஏற்றாத சரக்கு இல்லை. டிரிப்புக்கு டிரிப் காசு கையில் வரும். நல்ல மாதத்தில், எங்கள் வரிசையில் தொழிற்சாலைக்குப் போனவர்களைவிட அவர்தான் அதிகம் கொண்டுவருவார்.

அவருக்கு 52 வயது இருக்கும்போது, ஒரு மழை நாளில், டிரெய்லர் மேல் நின்று தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர் வழுக்கி விழுந்தார். முதுகில் பலத்த அடி. நான் அப்போது ஐந்தாம் படிவம். மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே கம்பெனிக்குப் போன் போட்டார். “நீ எங்க ஆளே இல்லையே, டிரிப் காசுக்கு ஓட்டினவன்தானே” என்று பதில் வந்தது.

அவர்கள் சொன்னதை மறுக்க அப்பாவிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நியமனக் கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, இபிஎப் இல்லை, சொக்சோ இல்லை. தவுக்கே ஐந்நூறு வெள்ளியை ஓர் உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். அதோடு முடிந்தது. அம்மா ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவப் போனார். அப்பா அதன்பிறகு கனமான எதையும் தூக்கவில்லை. இன்றும் மழைக்காலம் வந்தால் இரவில் முதுகைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

அதனால், “கிடங்கு வேலையை விட்டுட்டு லோரி ஓட்டப் போறேன்” என்று நான் சொன்னபோது அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு 28 வயது. போலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்து, ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் ஐந்து வருடம் வேலை செய்து, 2,400 வெள்ளியில் நின்றிருந்தேன். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. கைக்குழந்தை ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுத்தேன். அப்பா மட்டும் நிதானமாகச் சொன்னார்: “ஓட்டுடா. ஆனா கம்பெனிய நான் பாக்கணும்.”

கிடங்கு வாசலில் கேட்டது

கிடங்கு வேலையில் எனக்கு ஒரு வசதி இருந்தது. தினமும் இருபது முப்பது லோரிகள் வரும். சரக்கு இறங்கும்வரை ஓட்டுநர்கள் என் மேசைப் பக்கம்தான் நிற்பார்கள். ஐந்து வருடமாகக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டிருந்தவன், கடைசி மூன்று மாதம் அவர்களோடு உட்கார்ந்து பேசினேன். ஒரு தே தாரிக் போதும், லோரிக்காரர்கள் மனம் திறந்து பேசுவார்கள்.

ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்தது. சில கம்பெனி லோரிகளில் மாதத்துக்கு மாதம் முகம் மாறும். வேறு சில கம்பெனிகளில் அதே அண்ணன் அதே லோரியில் எட்டு வருடம், பத்து வருடம் என்று வந்துகொண்டிருப்பார். யார் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறார் என்று விசாரிப்பதற்கு முன்னால் இதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

எந்தச் சரக்கு என்பதும் முக்கியம் என்று அவர்கள்தான் சொன்னார்கள். லோரி வேலை என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வாழ்க்கை. துறைமுகக் கொள்கலன் லோரி என்றால் வெஸ்ட்போர்ட்ஸ், நோர்த்போர்ட் வாசலில் மணிக்கணக்கில் காத்திருக்கப் பழக வேண்டும். கல், மணல் ஏற்றும் டிப்பர் என்றால் எத்தனை நடை, எவ்வளவு சுமை என்பதுதான் வருமானம். அதிகச் சுமைக்கு ஆசை காட்டும் வேலை அது. பேரங்காடிகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேலையில் தினமும் வீட்டுக்கு வரலாம், ஆனால் இறக்கி ஏற்றி முதுகு நோகும். எண்ணெய், இரசாயன டாங்கிகளில் சம்பளம் நன்றாக இருக்கும். ஆபத்தான சரக்கு என்பதால் தனிப் பயிற்சி வேண்டும், புதியவனை எடுக்கத் தயங்குவார்கள். பினாங்குக்கும் ஜொகூருக்கும் போகும் நெடுந்தூர லோரியில் இரவுத் தூக்கம் பெரும்பாலும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உள்ள படுக்கையில்தான்.

குழந்தை சின்னதாக இருப்பதால் எனக்குக் கொள்கலன் வேலை சரியாகப்பட்டது. பெரும்பாலும் கிள்ளான் பள்ளத்தாக்குக்குள் ஓட்டம். மாதத்தில் சில நாள்தான் வெளியூர்.

மூன்று கம்பெனி, ஒரே கேள்வி

அப்பா என்னிடம் ஒரு கேள்வியைக் கொடுத்தனுப்பினார். “சம்பளத்தக் கடைசியா கேளு. மொதல்ல இதக் கேளு: ராத்திரி ரெண்டு மணிக்கு பிரேக் சரியில்லன்னு போன் பண்ணினா, யார் எடுப்பாங்க, என்ன சொல்லுவாங்க?” மூன்று இடத்திலும் இந்தக் கேள்வியைக் கேட்டேன்.

முதல் இடம் கல் ஏற்றும் டிப்பர் லோரிகள். கொள்கலன் வேலை இல்லையென்றாலும், கூப்பிட்டார்களே என்று போய்ப் பார்த்தேன். “மாசம் ஐயாயிரம் கைக்கு வரும்” என்றார்கள். கடிதம் கிடையாது. இபிஎப் பற்றிக் கேட்டதற்கு, “வேணும்னா உன் காசுல கட்டிக்கோ” என்று சிரித்தார் அங்கிருந்தவர். நாளைக் காலையே தனியாக ஓட்ட வேண்டும். லோரிக் கதவில் எழுதியிருந்த பெயர் வேறு, என்னை வேலைக்குக் கூப்பிட்டவரின் கம்பெனிப் பெயர் வேறு. அப்பாவின் கேள்வியைக் கேட்டேன். “ஓட்டத் தெரிஞ்சவன் எப்படியும் கொண்டாந்து சேத்துருவான்” என்று முதுகில் தட்டினார்.

இரண்டாவது, நிறைய லோரிகள் உள்ள பெரிய கொள்கலன் கம்பெனி. குளிர்சாதன அறையில் நேர்முகம். மாதம் ஏறக்குறைய 3,800 வெள்ளி வரும் என்றார்கள். பத்துப் பக்க ஒப்பந்தம் கொடுத்தார்கள். இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவு என்று 5,000 வெள்ளி கட்ட வேண்டும். லோரிக்குச் சேதம் ஏற்பட்டால் 3,000 வெள்ளி வரை சம்பளத்தில் கழிப்பார்கள். பிரேக் கேள்விக்கு அந்த அலுவலகப் பெண் மரியாதையாகப் பதில் சொன்னார்: “அதுக்குப் படிவம் இருக்கு. நிரப்பிக் குடுத்தா காலையில பட்டறையில பாப்பாங்க.” ராத்திரி இரண்டு மணிக்கும் காலைக்கும் நடுவில் லோரி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் மேல் தவறில்லை. அவர் லோரியில் போகிறவர் இல்லை.

மூன்றாவது, காப்பார் பக்கம் இருபத்துச் சொச்சம் லோரிகள் வைத்திருக்கும் கம்பெனி. தகரக் கொட்டகை, பக்கத்திலேயே சொந்தப் பட்டறை. அடிப்படைச் சம்பளம் 2,200, டிரிப் ஊக்கத்தொகையோடு சேர்த்து 3,400 வரும் என்றார் மேலாளர். மூன்றிலும் இதுதான் குறைவு. முதல் இரண்டு மாதம் தனியாக ஓட்ட முடியாது, மூத்த ஓட்டுநரோடுதான் போக வேண்டும். அந்த இரண்டு மாதமும் டிரிப் காசு பாதிதான். பிரேக் கேள்வியைக் கேட்டதும் அவர் பதில் சொல்லவில்லை. மேசையில் இருந்த காகிதத்தைக் கிழித்து இரண்டு போன் எண்களை எழுதினார். ஒன்று பட்டறைக்காரருடையது, மற்றது அவருடையது. “இவர் எடுக்கலன்னா எனக்கு அடி” என்றார்.

சம்பளச் சீட்டைப் படிப்பது

வீட்டில் மூன்றையும் மேசையில் பரப்பி வைத்தோம். முதல் கம்பெனியை அம்மாவே தூரத் தள்ளிவிட்டார். இருபத்தாறு வருடத்தை ஒரே வரியில் மறுத்த அதே பேச்சு அது. இபிஎப்பும் சொக்சோவும் தொழிலாளி விரும்பினால் கட்டிக்கொள்வது இல்லை. முதலாளி கட்டியே ஆக வேண்டும் என்பது சட்டம்.

மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் பேச்சு நீண்டது. “3,800 எங்க, 3,400 எங்க?” என்றார் மச்சான். நியாயமான கேள்விதான். என் மனைவி இரண்டு கடிதங்களையும் வரி வரியாகப் படித்தார். இரண்டாவது கம்பெனியின் 3,800இல் அடிப்படைச் சம்பளம் 1,700 மட்டுமே. அது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம். மீதி 2,100 ‘பயணப் படி’ என்று போட்டிருந்தது.

அந்தப் பெயரில்தான் விஷயம் இருக்கிறது. இபிஎப் கணக்கில் கமிஷன், ஊக்கத்தொகை போன்றவை சம்பளமாகச் சேரும். பயணப் படி சேராது. அப்படியானால் அந்தக் கம்பெனி 1,700க்கு மட்டும்தான் இபிஎப் கட்டும். முதலாளியின் பங்கு 13 விழுக்காடு என்றால் மாதம் 221 வெள்ளி. மூன்றாவது கம்பெனி 3,400க்கும் கட்டுகிறது. அங்கே முதலாளி பங்கு 442. நம் பங்கான 11 விழுக்காட்டையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு இடத்தில் மாதம் 408 வெள்ளியும் மற்ற இடத்தில் 816 வெள்ளியும் சேமநிதியில் விழும்.

கையில் வருவதையும் சேமநிதியையும் கூட்டினாலும் பெரிய கம்பெனியில் மாதம் ஏறக்குறைய 180 வெள்ளி கூடுதல்தான். அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அது நான் ஒருநாள்கூட விடாமல் ஓடினால் கிடைக்கும் கணக்கு. காய்ச்சல் வந்து படுத்தால் பயணப் படி படுத்துவிடும். வேலையில் அடிபட்டால் சொக்சோ தரும் தற்காலிக இயலாமைப் பணம், பதிவான சம்பளத்தில் 80 விழுக்காடு. 1,700 என்று பதிவாகியிருந்தால் மாதம் ஏறக்குறைய 1,360 வெள்ளி. 3,400 என்று பதிவாகியிருந்தால் 2,720. இந்த இடத்தில் அப்பா ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இல்லை.

ஒப்பந்தத்தில் இருந்த 3,000 வெள்ளிக் கழிவும் எங்களுக்கு உறுத்தியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்தில் எதையெல்லாம் கழிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முதலாளி தன் விருப்பத்துக்குக் கழிக்க முடியாது. அதே சட்டத்தில் 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணிக்குக் குறைந்தது. மாதம் 4,000 வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு தர வேண்டும். மிகைநேரம் மாதத்துக்கு 104 மணியைத் தாண்டக்கூடாது. கையெழுத்துப் போடும் முன் சந்தேகம் இருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொழிலாளர் இலாகா அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம்.

தெலுக் இந்தான் நினைவு

நான் பயிற்சிப் பள்ளியில் இருந்த காலத்தில்தான் அந்த விபத்து நடந்தது. 2025 மே 13. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவுக்குப் பாதுகாப்புப் பணி செய்துவிட்டு ஈப்போ திரும்பிக்கொண்டிருந்த எஃப்ஆர்யு போலீஸாரின் லோரியும், கல் ஏற்றிவந்த லோரியும் மோதிக்கொண்டன. ஒன்பது போலீஸார் இறந்தார்கள். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. அன்று என் மனைவி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “என்னங்க, இந்த வேலைதான் வேணுமா?” என்று கேட்டார்.

அந்த விபத்துக்குப் பிறகு போக்குவரத்து அமைச்சு அமைத்த சிறப்புக் குழு ஓட்டுநரோடு நிற்கவில்லை. லோரியின் நிலை, ஏற்றிய சுமை, பெர்மிட், ஜிபிஎஸ் என்று கம்பெனியின் பக்கமும் ஆராய்ந்தது. எனக்கு அது ஒரு பாடம். சக்கரத்தின் பின்னால் உட்காருவது நான்தான். ஆனால் அந்தச் சக்கரத்தை யார் வாங்கினார், எப்போது மாற்றினார், எவ்வளவு ஏற்றச் சொன்னார் என்பதெல்லாம் கம்பெனி முடிவு. அதிகச் சுமைக்கோ வேகத்துக்கோ சமன் வந்தால் ஓட்டுநரும் மாட்டுவான். கெஜாரா குற்றப்புள்ளி தவுக்கேயின் லைசென்ஸில் ஏறாது.

அதனால் மூன்றாவது கம்பெனிக்கு இரண்டாம் முறை அப்பாவையும் அழைத்துப் போனேன். அவர் அலுவலகத்துக்குள் நுழையவே இல்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேராக லோரிகள் நிற்கும் இடத்துக்குப் போனார். முன் சக்கரங்களைக் குனிந்து பார்த்தார். செலுப் டயர் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தாராம். கதவில் கம்பெனிப் பெயரும் எடை விவரமும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று படித்தார். சரக்கு வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். “சோதனைக்குப் போறப்ப மட்டும் நல்ல டயர் மாட்டுவீங்களா, இல்ல எப்பவுமா?” என்று பட்டறைக்காரரிடம் மலாயில் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே பழைய டயர்கள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டினார். நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்த டயர் ஒன்றுகூட அங்கே இல்லை. அதற்கு முன்பே மாற்றிவிடுகிறார்கள் என்று அப்பா புரிந்துகொண்டார். வீட்டுக்கு வரும் வழியில், “சேந்துக்கோ” என்றார்.

பக்கத்து இருக்கையில் இரண்டு மாதம்

சேர்ந்த பிறகு எல்லாம் தேனும் பாலுமாக ஓடவில்லை. பாதி டிரிப் காசில் இரண்டு மாதம் தள்ளுவது கஷ்டம்தான். மனைவி சம்பளத்தில்தான் குழந்தையின் பால் மாவு வாங்கினோம். துறைமுக வாசலில் காத்திருக்கும் நேரத்துக்கு எங்கள் கம்பெனியிலும் தனிக் காசு கிடையாது. சில நாள் மூன்று மணி நேரம் வரிசையில் நிற்பேன்.

ஆனால் அந்த இரண்டு மாதத்தில் மூத்த அண்ணன் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்ததைப் பயிற்சிப் பள்ளியில் எவ்வளவு கட்டினாலும் வாங்க முடியாது. தேர்வு மைதானத்தில் காலி லோரியை ஓட்டுவது வேறு, நிறைந்த கொள்கலனை இழுத்துக்கொண்டு மழையில் வளைவில் திரும்புவது வேறு. பட்டர்வொர்த் போகும்போது ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப் பாதை வரும். அங்கே ஏற்ற இறக்கம் கடுமை. “இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே கியரக் கொறச்சிரு. பாதியில போய்த் தேடாத. பிரேக்க மட்டும் நம்பி மிதிச்சிக்கிட்டே வந்தா சூடேறிப் பிடிக்காமப் போயிரும்” என்றார். டிரெய்லரைப் பூட்டியதும் மெதுவாக முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும், கொள்கலனின் நான்கு மூலைப் பூட்டுகளையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும், கண்ணால் பார்த்தால் போதாது என்பதெல்லாம் அவர் சொன்னவை. தொடர்ந்து நான்கு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. தப்பா ஓய்விடத்தில் நிறுத்தியதும் அண்ணன் ஐந்தே நிமிடத்தில் குறட்டை விடுவார். அதுவும் ஒரு பயிற்சிதான் என்பார்.

தனியாக ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் அப்பாவின் கேள்விக்கு நேரடியாகப் பதில் கிடைத்தது. இரவு பதினொன்றரை மணி. நோர்த்போர்ட்டில் இருந்து நீலாய்க்கு ஒரு கொள்கலன். டிரெய்லரைப் பூட்டிக் காற்றுக் குழாயை மாட்டியதும் பின்பக்கம் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். காற்றழுத்த முள் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. லோரி நகரும், ஓடும். கொஞ்ச தூரம் ஒன்றும் ஆகாமலும் போகலாம். சரக்குக்காரர் அங்கே காத்திருக்கிறார். நானோ வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவன்.

அந்தக் காகிதத்தில் இருந்த முதல் எண்ணை அழைத்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார். சத்தத்தைக் கேட்கச் சொல்லிப் போனை அருகில் பிடித்தேன். “நிப்பாட்டு. எங்கேயும் போகாத. வேற டிரெய்லர் அனுப்புறேன்” என்றார். நான் வண்டி நம்பரைச் சொல்லி முடிக்கும் முன்னரே யாரிடமோ பேசத் தொடங்கிவிட்டார். மாற்று டிரெய்லர் வர இரண்டு மணி நேரம் ஆனது. நீலாயில் சரக்குக்காரர் கோபமாகத்தான் இருந்தார். விடியற்காலை போட வேண்டிய அடுத்த டிரிப் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு 70 வெள்ளி நஷ்டம்.

மறுநாள் அலுவலகத்தில் யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. மூத்த அண்ணன் மட்டும் தே தாரிக் குடிக்கும்போது சொன்னார்: “புது ஆளுக்கு ‘முடியாது’ன்னு சொல்ல வாய் வராது. பத்து வருஷம் ஓட்டினவன் சொல்லிருவான், ஒனக்கு வராது. அதனால சொன்னா கேக்குற ஆபீஸாப் பாத்து சேரணும்.”

அவர் சொன்னதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. அனுபவம் உள்ள ஓட்டுநர் எந்தக் கம்பெனியிலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். எந்த லோரியைத் தொடக்கூடாது, எந்தச் சுமையை ஏற்றக்கூடாது என்று அவருக்குத் தெரியும். புதியவனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் பயம். அவனுடைய முதல் வருடத்தில் அந்தத் தைரியத்தைக் கம்பெனிதான் கடன் கொடுக்க வேண்டும். 180 வெள்ளி குறைவாக வாங்குவதற்கு எனக்குக் கிடைத்த ஈடு அதுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

வேலைக்குப் போகிற பிள்ளை பல நேரம் இதையெல்லாம் கேட்கக் கூச்சப்படுவான். கேட்டால் வேலை தர மாட்டார்களோ என்று நினைப்பான். வீட்டார் கேட்கச் சொல்லுங்கள். நியமனக் கடிதம் தருவார்களா? டிரிப் காசு சம்பளச் சீட்டில் எந்தப் பெயரில் வரும்? முதல் மாதங்களில் பக்கத்தில் யார் உட்காருவார்? கதவில் எழுதியிருக்கும் பெயர் யாருடையது? வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஜிபிஎஸும் வேலை செய்கின்றனவா? ராத்திரியில் போனை யார் எடுப்பார்? கடைசியாக, அங்கே எத்தனை பேர் ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள்? ஆள் பற்றாக்குறை உள்ள காலம் இது. இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படுகிற கம்பெனியை விட்டுவிட்டு அடுத்த வாசலுக்குப் போகலாம்.

சேர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. முதலாளி அந்த மாத இபிஎப் பணத்தை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். எங்கள் வீட்டில் மாதம் 16ஆம் தேதி என் மனைவி போனில் இபிஎப் கணக்கைத் திறந்து பார்ப்பார். பணம் ஏறியிருந்தால் அந்த மாதச் சம்பளச் சீட்டில் ஒரு டிக் போட்டுக் கோப்பில் செருகுவார். போன மாதம் அந்தக் கோப்பை அப்பா கேட்டு வாங்கிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சீட்டாகப் புரட்டினார். என் பெயர், கம்பெனியின் பெயர், அடையாள அட்டை எண், தேதி. படித்து முடித்ததும் ஓரங்களைத் தட்டி ஒழுங்காக்கி, “பத்திரமா வையிம்மா” என்று மருமகளிடம் கொடுத்தார்.